கோவாக் கடற்கரை: அதன் கவர்ச்சியும் காப்பும்

இந்தியாவின் மேற்குக் கரையில், வடக்கே தெரெக்கோல் ஆற்று முகத்திலிருந்து தெற்கே கல்ஜிபாக் ஆற்றுக்கு அப்பால் வரை, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளத்தில் கோவாவின் கடற்கரை அமைந்துள்ளது. இம்மாநிலத்தின் மொத்தப் பரப்பு 3,702 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கின்படி இங்கு வாழ்வோர் 15 லட்சத்துக்கும் குறைவு. ஆயினும் 2024ஆம் ஆண்டில் இங்கு வந்து சென்ற உல்லாசப் பிரயாணிகளின் தொகை ஏறக்குறைய ஒரு கோடி என அரசாங்கக் கணக்குகள் தெரிவிக்கின்றன. குடியிருப்போரைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு மக்கள் ஒரே ஆண்டில் வந்து செல்லும் இடம் இது.

இவர்களை இங்கு ஈர்ப்பது யாது? வெயிலும் கடலும் என்பதே பொதுவான விடை. ஆனால் வெயிலும் கடலும் நம் நாட்டின் நெடிய கரையெங்கும் உள்ளன. கோவாவின் கவர்ச்சி, நிலத்தின் அமைப்பு, பருவக் காற்றின் ஒழுங்கு, மணலின் இடப்பெயர்ச்சி, அம்மணலைப் பற்றி நிற்கும் எளிய கொடிகள் ஆகிய பலவும் ஒன்றுகூடியதால் விளைந்தது. இவற்றுள் ஒன்று கெட்டாலும் மற்றவை நிலைக்கமாட்டா. கரையோரப் பகுதிகளில் பணிபுரியும் ஊழியர்களும், மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் இவ்வமைப்பை அறிந்திருத்தல் அவசியம்.

கரையின் அமைப்பு

கோவாவின் கிழக்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அங்கிருந்து கடல் வரை உள்ள நிலம் குறுகியது. மாண்டோவி, ஜுவாரி, சாப்போரா, சால், தல்ப்போனா முதலிய ஆறுகள் இந்நிலத்தைக் கடந்து அரபிக் கடலில் கலக்கின்றன. ஆறுகளுக்கு இடையே செம்புறைக் கல்லால் மூடப்பட்ட மேட்டு நிலங்கள் கடலுக்குள் முனைகளாக நீண்டுள்ளன. 1612ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் கட்டிய அகுவாதாக் கோட்டை இத்தகைய முனை ஒன்றின் மீதே நிற்கிறது.

இரு முனைகளுக்கு இடையே அலையின் வேகம் தணியும் இடங்களில் மணல் தங்கிக் கரையாகிறது. வடக்கே பாகா, கலங்குட், காண்டோலிம் ஆகியவை ஒரே மணற்கரையின் அடுத்தடுத்த பகுதிகள். தெற்கே வெல்சாவோவிலிருந்து சால் ஆற்றின் முகத்திலுள்ள மோபோர் வரை, ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரம் இடையறாத மணற்கரை நீள்கிறது. கொல்வா இதன் நடுப்பகுதியில் உள்ளது. இன்னும் தெற்கே அகோந்தா, பாலொலெம் போன்ற இடங்களில் குன்றுகளுக்கு நடுவே பிறை வடிவான சிறு விரிகுடாக்கள் காணப்படுகின்றன. நீண்ட கரையை நாடுவோருக்கும் ஒதுங்கிய துறையை நாடுவோருக்கும் ஒரு நாள் பயணத்துக்குள் இரண்டும் கிடைப்பது கோவாவின் முதற் சிறப்பு.

வெயிலும் பருவமும்

கோவாவின் சீதோஷ்ண நிலையை ஆளுவது தென்மேற்குப் பருவக் காற்று. ஜூன் மாதத் தொடக்கத்தில், ஈரம் நிறைந்த இக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, பெரு மழையாகப் பொழிகிறது. கரையோரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதில் மிகப் பெரும் பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களிலேயே பெய்து முடிகிறது. ஜூலை மாதத்தில் பணஜியில் சூரிய ஒளி கிடைப்பது நாளொன்றுக்குச் சராசரி மூன்றரை மணி நேரமே. ஜனவரியிலோ அது ஏறக்குறைய பத்து மணி நேரமாக உயர்கிறது.

வட கிழக்குப் பருவ மழையால் தமிழ்நாட்டுக் கரை நனையும் நவம்பர் மாதத்தில் கோவாவின் வானம் தெளிந்துவிடுகிறது. ஐரோப்பாவில் கடுங்குளிர் நிலவும் காலமும் அதுவே. ஆகவே, குளிருக்கு அஞ்சி வருவோருக்கும் ஆண்டிறுதி விடுமுறையில் வருவோருக்கும் உகந்த பருவம் இயற்கையாகவே பொருந்திவிடுகிறது.

வெயில் மிகுந்தும் கரையில் வெப்பம் தாங்கக் கூடியதாக இருப்பதற்குக் கடற்காற்று காரணமாகும். பகலில் நிலம் விரைவில் சூடேறுகிறது; கடல் நீர் மெதுவாகவே சூடேறும். நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பமடைந்து மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசுகிறது. இதனால் மே மாதத்திலும் கரையோரத்தில் சராசரி உச்ச வெப்பம் 33 அல்லது 34 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. எனினும் காற்றின் குளிர்ச்சி தோலில் படும் புற ஊதாக் கதிர்களைக் குறைப்பதில்லை. உச்சிப்பொழுதில் நிழலை நாடவேண்டும் என்பதை மாணவருக்கு வலியுறுத்துதல் நலம்.

உல்லாசப் பிரயாணத்தின் வளர்ச்சி

1961ஆம் ஆண்டு டிசம்பரில் கோவா போர்ச்சுகீசிய ஆட்சியினின்று விடுபட்டு இந்தியாவுடன் இணைந்தது. அக்காலத்தில் கடலோரச் சிற்றூர்கள் மீன்பிடித்தலையும் தென்னையையும் நெல்லையும் நம்பியிருந்தன. 1960களின் பிற்பகுதியிலிருந்து மேல்நாட்டு இளைஞர் பலர் அஞ்சுனா போன்ற ஊர்களுக்கு வந்து நெடுநாள் தங்கலாயினர். 1983ஆம் ஆண்டு நவம்பரில் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் தம் மாநாட்டின் இடையே இங்கு வந்து ஓய்வு கொண்டபோது, கோவாவின் பெயர் உலகெங்கும் பரவியது. 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து தனி வாடகை விமானங்கள் வரத் தொடங்கின. இன்று வருவோரில் மிகப் பெரும்பாலோர் இந்தியரே. மீனவர் வலை உலர்த்திய மணலில் விடுதிகளும் உணவுக் குடில்களும் எழுந்தன. பலருக்குத் தொழில் கிடைத்தது. கரைக்கு வந்த பொறுப்பும் இதனுடன் சேர்ந்தே வளர்ந்தது.

மணலின் ஆண்டுப் பயணம்

கடற்கரை நிலையானது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அது ஆண்டுதோறும் போய்த் திரும்பும் தன்மையுடையது. பருவ மழைக் காலத்தில் உயர்ந்த, செங்குத்தான அலைகள் அடுத்தடுத்து வந்து கரையைத் தாக்குகின்றன. அவை கரை மணலை அரித்துச் சென்று, சற்று அப்பால் கடலடியில் மணல் திட்டாகக் குவிக்கின்றன. இத்திட்டின் மேல் வரும் பெரிய அலைகள் அங்கேயே உடைந்து வலுவிழக்கின்றன. ஆகவே, கரையிலிருந்து பெயர்ந்த மணலே கரைக்குக் காவலாகவும் அமைகிறது.

மழை ஓய்ந்தபின் நீண்ட, தாழ்ந்த அலைகள் வரத் தொடங்கும். இவை திட்டிலுள்ள மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்குத் திருப்பிக் கொணர்கின்றன. அக்டோபர் முதல் கரை அகன்று வந்து, கோடையில் தன் முழு அகலத்தை அடைகிறது. ஜனவரியில் வரும் பிரயாணி காணும் அகன்ற மணற்பரப்பு ஜூலையில் அவ்விடத்தில் இராது. அவ்வாறு இல்லாமற் போவது அழிவன்று. கரையின் இயல்பான நடப்பே.

இந்த வரவு செலவில் ஒரு சேமிப்பும் உண்டு. கரையின் பின்புறம் வரிசையாக நிற்கும் மணல் மேடுகளே அச்சேமிப்பு. கடும் புயல் வீசும் ஆண்டில் கரை மணல் போதாதபோது அலைகள் மேட்டின் அடியை அரித்து மணலை எடுத்துக்கொள்கின்றன. பின்னர் நற்காலத்தில் காற்று உலர்ந்த மணலை மீண்டும் மேட்டில் சேர்க்கிறது. மேட்டை வெட்டிச் சமன் செய்து அவ்விடத்தில் சுவர் எழுப்பினால் இச்சேமிப்பு அற்றுப்போகிறது. சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் முன்னுள்ள மணலையும் அரித்துச் செல்லும். கடலைக் கண்ணெதிரே காணவேண்டும் என்று கட்டப்பட்ட விடுதி, காலப்போக்கில் கடலை மட்டுமே காணக்கூடும், மணல் இராது.

கரையின் மணல் எத்துணை எளிதில் இடம் மாறும் என்பதற்குக் காண்டோலிம் ஓர் எடுத்துக்காட்டு. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரிவர் பிரின்சஸ் என்ற பெரிய சரக்குக் கப்பல் பருவக் காற்றில் சிக்கி அங்கே கரையருகே தரைதட்டி நின்றது. 2012ஆம் ஆண்டில்தான் அது முற்றிலும் அகற்றப்பட்டது. அலையின் வழியில் நின்ற அக்கப்பல், கடலில் கட்டிய தடுப்புச் சுவர் போலவே செயற்பட்டது. அதன் மறைவில் மணல் சேர, அருகிலிருந்த பகுதியில் கரை அரிப்புற்றது. ஒரே ஒரு தடை இவ்வளவு செய்யுமாயின், கரை நெடுகிலும் எழுப்பப்படும் தடைகள் யாது செய்யும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

மணலைப் பற்றி நிற்கும் தாவரங்கள்

மணல் மேட்டைக் காற்று குவிக்கிறது. அதை நிலைநிறுத்துவன தாவரங்கள். அடும்பங்கொடியும் இராவணன் மீசை என்னும் புல்லும் இவற்றுள் முன்னணியில் நிற்பவை. தமிழ்நாட்டுக் கரையிலும் இவை காணப்படுவதால் வாசகர் பலரும் இவற்றை அறிவர். உப்புத் தெறிப்பையும் சுடுமணலையும் இவை தாங்குகின்றன. மணல் மேலே படிந்து மூடினால், கணுக்களில் புதிய வேர் விட்டு மேலே எழுகின்றன. இவற்றின் தண்டும் இலையும் காற்றின் வேகத்தைத் தடுக்க, காற்றில் வரும் மணல் அங்கேயே விழுந்து மேடு உயர்கிறது. இவற்றின் பின்னால் புதர்களும் தாழையும் வளர்கின்றன.

இத்தாவரங்கள் புயலைத் தாங்கும், காலடியைத் தாங்கமாட்டா. பலர் ஒரே வழியாக மேட்டை மிதித்துக் கடந்தால் கொடி அறுந்து, அவ்விடத்தில் வெறும் மணல் தோன்றும். காற்று அம்மணலை அள்ளிச் செல்ல, சிறு தடம் பள்ளமாகி, பின்னர் மேட்டில் வாயிலாகிவிடும். வாகனம் ஓட்டினால் இச்சேதம் சில நாட்களிலேயே விளையும். மேட்டின் முன்வரிசையில் சவுக்கு நடுவதும் எங்கும் ஏற்றதன்று. அதன் நிழலும் உதிர்ந்த சருகும் இயற்கைக் கொடிகளுக்கு இடமில்லாமற் செய்துவிடும். கால்கள் ஊன்றி மணலுக்கு மேலே அமைத்த மரப்பாலங்களின் வழியே மக்களைக் கடற்கரைக்கு அனுப்புவது சிறந்த முறையாகும்.

மேட்டின் கீழ் உள்ள நன்னீர்

மணல் மேடுகள் செய்யும் மற்றொரு பணி கண்ணுக்குத் தெரியாதது. மழை நீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்பு நீரைவிட இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் நன்னீர் நின்றால், சமநிலையில் அதன் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வாளர் கண்ட விதி. கடலுக்கு மிக அருகிலும் மீனவர் கிணறுகளில் குடிநீர் கிடைப்பதன் இரகசியம் இதுவே.

இவ்விதியின் மறுபக்கமும் கவனிக்கத் தக்கது. மிகுதியாக நீர் இறைத்து, நன்னீரின் மட்டத்தை ஒரு மீட்டர் தாழ்த்தினால், உப்பு நீர் காலப்போக்கில் அதன் நாற்பது மடங்கு மேலெழ முயலும். பிரயாணிகள் மிகுந்து வருவது மழையற்ற மாதங்களில். நிலத்தடி நீர் குறைந்து வருவதும் அதே மாதங்களில். நீச்சல் குளத்துக்கும் புல்தரைக்கும் ஆழ்குழாயால் இறைக்கும் நீர், அண்டை வீட்டுக் கிணற்றை உவர்ப்பாக்கக் கூடும். ஒருமுறை உவர்த்த கிணறு தெளிவதற்குப் பல மழைக் காலங்கள் செல்லும்.

கரைக்கு வரும் ஆமைகள்

மோர்ஜிம், மாந்த்ரேம், அகோந்தா, கல்ஜிபாக் ஆகிய கரைகளுக்கு மனிதர் தவிர வேறு விருந்தினரும் வருகின்றனர். பங்குனி ஆமை எனப்படும் சிறு கடலாமைகள் குளிர் மாதங்களில் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு முறைக்கு ஏறக்குறைய நூறு முட்டைகள் இடுகின்றன. வெயிலின் வெப்பமே அடைகாக்கிறது. ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்துக்குள் குஞ்சுகள் வெளிவருகின்றன. கூட்டின் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும் என்பது வியப்பான உண்மை.

வெளிவந்த குஞ்சுகள் ஒளி மிகுந்த திசையை நோக்கி ஊர்கின்றன. இயற்கையில் அத்திசை கடலின் அடிவானம். விடுதிகளின் மின்விளக்குகள் அதனினும் பிரகாசமாக இருந்தால், அவை கடலுக்கு முதுகு காட்டி நிலத்தை நோக்கி ஊர்ந்து மடிகின்றன. முட்டையிடும் பருவத்தில் விளக்கை அணைப்பதும், இயலாவிடில் கரைப்பக்கம் ஒளி படாமல் மறைப்பதும் செலவில்லாத பாதுகாப்பு ஆகும்.

கடலில் இறங்குவோர் அறியவேண்டியது

கரையின் அமைப்பை அறியாமையால் உயிர்கள் இழக்கப்படுவது பின்னிழுப்பு நீரோட்டத்தால். உடையும் அலைகள் கரையருகே நீரைக் குவிக்கின்றன. குவிந்த நீர் திரும்பிச் செல்ல வழி தேடி, மணல் திட்டில் உள்ள இடைவெளியின் வழியே குறுகிய ஓடையாகக் கடலை நோக்கி விரைகிறது. அதன் வேகம் சில வேளைகளில் விநாடிக்கு ஒரு மீட்டரையும் கடக்கும். பழகிய நீச்சல்காரரும் அதை எதிர்த்து நீந்த இயலாது.

இந்த ஓடையின் மேல் ஆழம் மிகுதி. ஆகவே அலைகள் அங்கு உடைவதில்லை. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் மட்டும் நீர் கருத்து அமைதியாகத் தோன்றும். அறியாதவர் அவ்விடத்தையே குளிப்பதற்கு ஏற்ற இடமென்று தேர்ந்தெடுக்கின்றனர். அமைதியாகத் தோன்றும் இடமே ஆபத்தானது என்பதை ஆசிரியர்கள் மாணவரின் மனத்தில் நன்கு பதியவைக்கவேண்டும்.

இந்நீரோட்டம் ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை. கடலுக்குள் இழுத்துச் செல்கிறது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடினால் களைத்து மூழ்க நேரும். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கோரவேண்டும். நீந்த இயலுமாயின், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓடையின் அகலத்தைக் கடந்து, அலை உடையும் இடத்தை அடைந்தபின் கரைக்குத் திரும்பவேண்டும். கரையில் நிற்பவர் உடனே தாமும் பாயாமல், மிதக்கக் கூடிய பொருளை எறிந்து உயிர்காப்பாளரை அழைக்கவேண்டும். கோவாவின் முக்கியக் கரைகளில் 2008ஆம் ஆண்டு முதல் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் பணிபுரிகின்றனர். சிவப்புக் கொடி பறக்கும் இடத்திலும், பருவ மழை மாதங்களிலும் கடலில் இறங்கலாகாது.

சட்டம் தரும் காப்பு

1981ஆம் ஆண்டில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநிலங்களின் முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதி, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலத்தைக் கட்டடங்களின்றிக் காக்குமாறு வலியுறுத்தினார். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991ஆம் ஆண்டில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியாயிற்று. 2011ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் அது புதுப்பிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டின் அறிவிக்கை கோவாவின் மணல் மேடுகளை அளந்து வரைபடமாக்கவும், மேற்கூறிய நான்கு ஆமைக் கரைகளைக் காக்கவும் தனியே விதி வகுத்தது. கரையிலுள்ள உணவுக் குடில்கள் மூங்கில், ஓலை போன்ற பொருள்களால் தற்காலிகமாக அமைக்கப்பட்டு, பருவ மழைக்கு முன் பிரிக்கப்படுவதன் நோக்கமும், மணலின் ஆண்டுப் பயணத்துக்கு வழிவிடுவதே.

சட்டத்தின் ஏட்டில் மேடு என்று குறிக்கப்பட்டது நிலத்திலும் மேடாக இருக்கிறதா என்பதைக் காண்பவர் கள ஊழியரே. ஒரே இரவில் சமன் செய்யப்பட்ட மேட்டுக்குப் பழைய அளவுக் குறிப்பு இல்லையெனில் சாட்சியும் இல்லை. எனவே அளத்தல் முதற் கடமையாகிறது.

எளிய அளவு முறை

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இரு கோல்களை எடுத்து, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சென்டிமீட்டர் அளவுகளைக் குறிக்கவேண்டும். மேட்டின் பின்னால் அசையாத ஓர் அடையாளத்தைத் தேர்ந்து, அங்கிருந்து கடலை நோக்கி நேர்கோட்டில் செல்லவேண்டும். கடற்பக்கக் கோலின் உச்சியையும் அடிவானத்தையும் ஒரே கோட்டில் வைத்து, நிலப்பக்கக் கோலின் அருகிலிருந்து பார்க்கவேண்டும். அக்கோடு நிலப்பக்கக் கோலை உச்சிக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழே வெட்டுகிறதோ, அதுவே இரு கோல்களுக்கும் இடையே நிலம் தாழ்ந்துள்ள அளவு. நிலம் உயரும் இடங்களில், அதாவது மேட்டின் பின்சரிவில், நிலப்பக்கக் கோலின் உச்சியிலிருந்தே அடிவானத்தை நோக்கி, கடற்பக்கக் கோலில் அளவைக் காணவேண்டும். இரண்டு மீட்டருக்கு ஒரு முறை இவ்வாறு அளந்து, நீர் விளிம்பு வரை குறித்துக்கொண்டால் கரையின் குறுக்கு வடிவம் தாளில் கிடைக்கும்.

மாதந்தோறும் அதே இடத்தில், ஓதம் தாழ்ந்திருக்கும் வேளையில் அளந்து வந்தால், மழைக்காலத்தில் மணல் விலகுவதும் பின்னர் திரும்புவதும் ஓராண்டில் தெளிவாகும். சில ஆண்டுகள் தொடர்ந்தால், சென்ற மணல் முழுவதும் திரும்புகிறதா அன்றி ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்பதும் புலனாகும். அளவுத் தாள்களில் நாளையும் நேரத்தையும் தவறாது குறித்து, பள்ளியிலோ அலுவலகத்திலோ சேமித்து வைத்தல்வேண்டும். விடுமுறைக்கு வருவோர் சில நாட்களில் திரும்பிவிடுவர். கரை எந்த அளவு தேய்ந்தது என்பதை ஆண்டுதோறும் அங்கேயே இருப்பவர்களே அறிந்து கூற இயலும்.